நாலு மில்லி ரத்தம், நாலு வார்த்தை

குலசேகரன்பட்டினம் என்றால் இத்தனை நாளும் தசராதான். முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, காளி, குறத்தி, போலீஸ், குரங்கு என்று வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, கடைசி நாள் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடுகிற ஜனங்களை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இப்போது ஊருக்கு இன்னொரு அடையாளமும் சேர்ந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28-ம் தேதி இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே வரும். சுற்றி வளைத்துத்தான் விட வேண்டும். எரிபொருள் தண்டம். குலசையிலிருந்து நேரே தெற்கே விடலாம். சந்தோஷம். தென் மாவட்டத்துக்கு ஒரு நல்ல காலம் பிறக்கட்டும்.

ராக்கெட் கிளம்புகிற நாளில் அந்தக் கட்டுப்பாட்டு அறையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பிரிவும் தயாரா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவராகத் தயார் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். கடைசியில்தான் மிஷன் டைரக்டர் அனுமதி கொடுக்கிறார். 'அவருக்குத் தெரிந்திருக்கும்', 'இவர் பார்த்துக்கொள்வார்' என்கிற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. சந்தேகம் என்றால் எண்ணிக்கை நிற்கும்.

நல்லது. இப்போது கொஞ்சம் தரைக்கு வருவோம். அதே கடற்கரையில், திருச்செந்தூரோ தூத்துக்குடியோ, அரசோ தனியாரோ, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. உங்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, 'கையை மடக்குங்க' என்று சொல்லி, நாலு மில்லி ரத்தம் எடுக்கிறார் ஒருவர். அந்த ரத்தம் கட்டிலிலிருந்து நர்ஸ் மேஜைக்கு, அங்கிருந்து ஆயாம்மா கையில் லேபுக்கு, லேபிலிருந்து காகிதமாகவோ கம்ப்யூட்டர் எண்ணாகவோ டாக்டருக்கு, டாக்டரிடமிருந்து மருந்தாகத் திரும்ப உங்கள் கட்டிலுக்கு வருகிறது. குறைந்தது ஐந்து கை மாறுகிறது. இந்த ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் ஒன்றுமே பேசிக்கொள்வதில்லை. அதுதான் என் குற்றச்சாட்டு.

'இதெல்லாம் ஒரு விஷயமா? ரத்தம் எடுக்கிறவர் எடுத்தாரா, போனாரா என்று இருக்க வேண்டியதுதானே' என்று நினைக்கிறீர்களா? சாத்தூரை மறந்துவிட்டீர்கள்.

2018 டிசம்பர் 3. விருதுநகர் மாவட்டம், சாத்தூர் அரசு மருத்துவமனை. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தசோகை. ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். பாதுகாப்பானது என்று சொல்லித்தான் வந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது.

ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். நவம்பர் 30-ம் தேதி உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தது. கவனியுங்கள், அவர் 2016-லும் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் மறுபடி கை நீட்டியபோது, ஊசி குத்தியவருக்கும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக வெளியே பரிசோதனை செய்துகொண்டபோதுதான் அந்தப் பையனுக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் ஒளிந்துகொள்ளவில்லை. நேரே போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் அந்த ரத்தம் ஏறிவிட்டிருந்தது.

அந்த டிசம்பர் 30-ம் தேதி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், அந்த இளைஞர் இறந்துபோனார். தற்கொலை. 2019 ஜனவரியில் அந்தத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒன்றுதான் இந்தக் கதையில் ஆறுதல். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீடு, அரசு வேலை, வீடு என்று உத்தரவு போட்டது. போன உயிரும் போன ஆரோக்கியமும் எந்த உத்தரவிலும் திரும்பாது.

இந்த முழுக் கதையிலும் தகவலை ஒழுங்காக, உரிய இடத்தில், உடனே சொன்ன ஒரே ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இளைஞர்தான். சம்பளம் வாங்குகிற ஆட்கள், ரிஜிஸ்டர்கள், படிவங்கள் எல்லாம் இருந்த ஒரு ஏற்பாட்டில், தகவல் சொல்ல வேண்டிய வேலையைச் செய்தவர் ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தவர்.

உடனே என்ன நடந்தது? மூன்று லேப் ஊழியர்கள் மீது நடவடிக்கை. அவர்கள் தப்பே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. தானமாக வருகிற ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது விதி. சோதனை ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பை வெளியே போயிருக்காது. ஆனால் 2016-ல் தெரிந்த ஒரு விஷயத்தை அந்தப் பையனைத் தேடிப் பிடித்துச் சொல்லி, நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, 'இனிமேல் ரத்தம் கொடுக்காதீங்க தம்பி' என்று பக்குவமாகப் பேசி, அவர் கேட்டுக்கொண்டாரா என்று உறுதி செய்கிற வேலை யாருடையது? லேப் டெக்னீசியனுடையதா, கவுன்சிலருடையதா, மெடிக்கல் ஆபீசருடையதா? எல்லோருடையதும் என்றால், நம் ஊர் வழக்கப்படி அது யாருடையதும் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாக ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றவர்களைத் தூக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா?

சாத்தூர் பெரிய விபத்து. பேப்பரில் வந்தது. பேப்பரில் வராத சின்னச் சின்ன விபத்துகள் தினமும் நடக்கின்றன. அதைப் பார்ப்போம்.

முதலில், ரத்தம் எடுக்கிறவர் யார்? பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் 'பிளபாட்டமிஸ்ட்' என்று சட்டையில் அட்டை குத்தியிருப்பார். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் அந்தப் பெயரில் தனி ஆள் கிடையாது. ஒரு நாள் ஸ்டாஃப் நர்ஸ் எடுப்பார், ஒரு நாள் ஹவுஸ் சர்ஜன், ஒரு நாள் லேப் டெக்னீசியன். ஜனங்களுக்கு அவர் 'ரத்தம் எடுக்கிற பையன்' அல்லது 'ஊசி போடுற பொண்ணு'. டாக்டருக்கு? 'ஏம்ப்பா லேபு, இங்க வா.' ஒரு மனுஷனை டிபார்ட்மென்ட் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் நம் ஆஸ்பத்திரிகள்தான் என்று நினைக்கிறேன். பெயர் தெரியாத ஆளிடம் என்ன பெரிதாகப் பேசிவிடப் போகிறோம்?

பேசாததால் என்ன ஆகும்? பெயரிலிருந்தே ஆரம்பிப்போம்.

திருச்செந்தூர் பக்கம் ஒரு ஆண்கள் வார்டில் போய் நின்று 'முருகன்' என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாலு கட்டிலில் தலை நிமிரும். பெண்கள் வார்டில் முத்துலட்சுமியும் இசக்கியம்மாளும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். மணப்பாடு பக்கம் போனால் அந்தோணி, காயல்பட்டினம் பக்கம் வந்தால் பாத்திமா. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரே ஓர் இனிஷியல்தான். அந்த இனிஷியலையும் சீட்டு எழுதுகிறவர் அவசரத்தில் விட்டுவிடுவார். இந்த நிலைமையில் காலை ஐந்து மணிக்கு ஒருவர் வந்து, 'நீங்கதானே முருகன்?' என்று கேட்கிறார். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர் என்ன சொல்வார்? 'ஆமா.' காது கேட்காத தாத்தா இன்னும் பலமாக 'ஆமா' என்பார்.

'உங்க பேரு என்ன?' என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பெயரோடு வயதோ, பிறந்த தேதியோ, ஐ.பி. நம்பரோ இன்னொரு அடையாளம் ஒத்துப்போக வேண்டும். ரத்தம் எடுத்த அதே இடத்தில், கட்டிலை விட்டு நகர்வதற்கு முன்னால், டியூபில் எழுதி ஒட்ட வேண்டும். உலகம் பூராவும் உள்ள விதி இது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ரத்தம் எடுப்பதற்கென்றே ஒரு தனிக் கையேடு போட்டிருக்கிறது. நம் வழக்கம் என்ன? நர்ஸ் மேஜையில் பத்து டியூபுக்கும் முன்கூட்டியே பெயர் எழுதி, தட்டில் அடுக்கி, 'போய் எடுத்துட்டு வந்துரு' என்று அனுப்புவது. நேற்று ராத்திரி மூன்றாம் கட்டில்காரரை ஏழாம் கட்டிலுக்கு மாற்றியதை எடுக்கப் போகிறவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழாம் கட்டில் முருகனின் ரத்தம் மூன்றாம் கட்டில் முருகனின் டியூபில் ஏறும். சர்க்கரைப் பரிசோதனை என்றால் மருந்து மாறும். ரத்தம் ஏற்றுவதற்கான குரூப் பரிசோதனை என்றால் ஆளே போய்விடலாம். ஏ, பி, ஓ என்று ரத்தத்தில் பிரிவு இருப்பதை 1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் உலகத்துக்குச் சொல்லிவிட்டார். எந்தக் கட்டிலில் எந்த முருகன் என்பதை அவரா வந்து சொல்ல முடியும்?

அடுத்தது டியூப். அந்தக் கலர் கலர் மூடிகள் அழகுக்கு இல்லை. ஊதா மூடிக்குள் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் காக்க. நீல மூடியில் சிட்ரேட், ரத்தம் உறையும் நேரம் பார்க்க. அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து. கோடு வரை நிரம்பாவிட்டால் முடிவு தப்பு. சாம்பல் மூடியில் ஃப்ளூரைடு, சர்க்கரை பார்க்க. ஃப்ளூரைடு இல்லாத டியூபில் ரத்தத்தைப் போட்டு மேஜை மேலே வைத்துவிட்டுப் போனால், மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவிகிதம் வரை சர்க்கரையை ரத்த அணுக்களே தின்று தீர்த்துவிடும்.

இப்போது ஒரு காட்சி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், எங்கும் நடக்கக்கூடியது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை. பாட்டிக்கு நரம்பு கிடைக்கவில்லை, இன்னொரு தடவை குத்த மனசு வரவில்லை. ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிடுகிறார் எடுத்தவர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, இரக்கம்தான். ஆனால் ஊதாவில் இருக்கிற ஈ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசிய உப்பு. லேபில் பொட்டாசியம் ஏழு என்று வரும். சாதாரணமாக மூன்றரையிலிருந்து ஐந்து வரை இருக்க வேண்டியது. ஏழு என்றால் இதயம் நிற்கலாம். டாக்டர் பதறி சிகிச்சை ஆரம்பிப்பார், இல்லாத வியாதிக்கு. ஊற்றியது ஒருவருக்குத் தெரியும். அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றாது. தானாகச் சொல்ல அவருக்குத் தைரியம் வராது.

இன்னொன்று. இடது கையில் குளுக்கோஸ் டிரிப் ஓடுகிறது. போர்வை மூடியிருக்கிறது. ரத்தம் எடுக்க வந்தவர் அதே கையில் எடுத்துவிட்டுப் போகிறார். சர்க்கரை ஐநூறு என்று ரிப்போர்ட். டியூட்டி டாக்டர் போனில் இன்சுலின் சொல்கிறார். ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு டிரிப் எந்தக் கையில் என்று தெரியும். 'தம்பி, வலது கையில எடு' என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை.

லேபில் நடக்கிற தவறுகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இது. பாதிக்கு மேற்பட்ட தவறுகள் மெஷினில் நடப்பதில்லை. ரத்தம் மெஷினுக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகின்றன. தப்பான ஆள், தப்பான டியூப், தப்பான நேரம், தப்பான சீட்டு. நாம் என்ன செய்கிறோம்? கோடி ரூபாய்க்கு ஜெர்மன் மெஷின், ஜப்பான் மெஷின் வாங்கி வைத்து, அமைச்சரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டுகிறோம். மெஷினுக்கு முன்னால் நிற்கிற மனிதர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பரிசோதனை என்று 2007-ல் கொண்டுவந்து நாட்டுக்கே வழிகாட்டியது தமிழ்நாடு. அதற்காகக் குரல் கொடுத்தவர் நம் டாக்டர் வீ.சேஷய்யா. ரொம்ப எளிமையான பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140-க்கு மேல் போனால் கவனம் தேவை. ஏழை எளியவர்களுக்கு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்றே யோசித்துச் செய்த ஏற்பாடு.

இதில் உயிர்நாடி எது? 'இரண்டு மணி நேரம்.' குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்பவர் ஒருவர். ரத்தம் எடுப்பவர் வேறொருவர். எத்தனை மணிக்குக் குடித்தாள் என்று முன்னவர் பின்னவருக்குச் சொல்ல வேண்டும், அல்லது எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லவில்லை என்றால்? 'எப்பம்மா குடிச்ச?' 'இப்பந்தான் ஒரு மணிக்கூறு இருக்கும்க்கா.' அந்தப் பெண்ணிடம் வாட்ச் இல்லை, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளை ஞாபகம், பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தால் ஒரு எண், இரண்டரையில் எடுத்தால் வேறு எண். ஒரு மேதை யோசித்து எளிமையாக்கிக் கொடுத்த பரிசோதனையைக் கெடுக்க நமக்கு லஞ்சம் ஊழல் எதுவும் தேவையில்லை. ஒரு மணியைச் சொல்லாமல் விட்டாலே போதும்.

சரி, ஏன் சொல்வதில்லை? எல்லோருமே அசட்டையான ஆட்களா? இல்லை. காரணம் வேறு. நம் ஆஸ்பத்திரிகளில் பேச்சு மேலிருந்து கீழே மட்டும்தான் ஓடும், தண்ணீர் மாதிரி. சீஃப் டாக்டர் அசிஸ்டென்ட்டிடம் சொல்வார், அவர் ஹவுஸ் சர்ஜனிடம், அவர் நர்ஸிடம், நர்ஸ் டெக்னீசியனிடம், டெக்னீசியன் ஆயாம்மாவிடம். கீழேயிருந்து மேலே ஒரு வார்த்தை ஏற வேண்டும் என்றால் மோட்டார் வைக்க வேண்டும். 'சார், இந்த ரத்தம் ஹீமோலைஸ் ஆயிருக்கு, இன்னொரு தடவை எடுக்கணும்' என்று டெக்னீசியன் போன் பண்ணினால் என்ன பதில் வரும்? 'நீ எனக்குச் சொல்லித் தர்றியா? வந்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் குடு.' இரண்டு தடவை வாங்கிக்கட்டிக்கொண்டவர் மூன்றாவது தடவை போன் பண்ணுவாரா? மெஷினில் வந்த எண்ணை எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மேலே இருப்பவரிடம் வாய் திறக்கப் பயந்ததால் என்ன ஆகும் என்று விமானத் துறை ஒரு பயங்கரமான பாடம் படித்தது. 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனரீஃப் தீவு. பனிமூட்டம். ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தில் பெரிய பெயர். அனுமதி வந்துவிட்டதாக நினைத்து விமானத்தைக் கிளப்பினார். பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம். எதிரே இருக்கிற பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்கு மேல் இன்ஜினீயர் வாய் திறக்கவில்லை. 583 பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகு விமானத் துறை என்ன செய்தது? 'இனிமேல் கவனமாக இருங்கள்' என்று சர்க்குலர் விட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் எந்த வார்த்தை சொல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். உத்தரவைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜூனியர் சந்தேகம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அது அவருடைய வேலை என்று கேப்டன்களையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். இன்றைக்கும் விமானியும் கன்ட்ரோல் டவரும் பேசுவதைக் கேளுங்கள், கிளிப்பிள்ளை மாதிரி ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வார்கள். அந்தக் கிளிப்பிள்ளைப் பேச்சை நம்பித்தான் நீங்களும் நானும் மேலே ஏறி நிம்மதியாகத் தூங்குகிறோம்.

மருத்துவத்துக்கும் இது புதிதில்லை. 1972-லேயே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஜார்ஜ் லண்ட்பெர்க் என்ற டாக்டர், உயிருக்கு ஆபத்தான எண் லேபில் வந்தால் ரிப்போர்ட் அச்சாகட்டும் என்று காத்திருக்காதே, உடனே போனை எடு என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் பின்னால் சேர்ந்தது. தரச் சான்று வாங்கிய நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இதற்கென்று ரிஜிஸ்டர் உண்டு. அதில் யார் சொன்னார், யார் கேட்டார், எத்தனை மணி என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிற வாரத்தில் எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பினால் அந்த ரிஜிஸ்டருக்கு என்ன மரியாதை?

'கூட்டத்தைப் பாருங்க சார். ஒரு ஆள் காலையில நூறு பேருக்கு எடுக்கணும். இதுல பேரைக் கேட்டு, தேதியைக் கேட்டு, திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தா விளங்கும்' என்பார்கள். நியாயமான பேச்சு மாதிரி இருக்கும். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆள் போடச் சொல்லி நானும் சேர்ந்து சத்தம் போடுகிறேன். ஆனால் பெயர் கேட்க ஆகிற நேரம் பத்து விநாடி. தப்பாக எடுத்த ரத்தத்தை மறுபடி எடுக்க, மறுபடி டியூப், மறுபடி ஊசி, மறுபடி லேப், ஒரு மணி நேரம். பத்து விநாடிக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

'தனியாரில் எல்லாம் பார்கோடு சார், தப்பே வராது' என்று இன்னொரு சமாதானம். பார்கோடு என்ன செய்யும்? ஒட்டிய டியூபை விசுவாசமாகப் படிக்கும். தப்பான டியூபில் ஒட்டினால் தப்பை இன்னும் வேகமாகப் படிக்கும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம் என்று பைக்கில் பையன்களை விரட்டுகிற கம்பெனிகளைப் பாருங்கள். அந்தப் பையன் உங்கள் டாக்டரை ஒருநாளும் பார்த்ததில்லை. டாக்டர் அவனைப் பார்த்ததில்லை. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவனிடம் சீட்டு இல்லை. தூத்துக்குடி வெயிலில் பைக் பெட்டியில் அந்த டியூப் எத்தனை மணி நேரம் சுற்றியது என்று லேபில் யாருக்கும் கவலை இல்லை. எஸ்.எம்.எஸ்.ஸில் ரிப்போர்ட் மட்டும் ஜோராக வந்துவிடும்.

நான் படித்தது பி.காம். மருத்துவத்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்று டாக்டர்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காமர்ஸ்காரனுக்கு ஒன்று தெரியும். ஒரு பேங்கில் ஐயாயிரம் ரூபாய் ஒரு கவுன்ட்டரிலிருந்து இன்னொரு கவுன்ட்டருக்குப் போனால் சீட்டு உண்டு, கொடுத்தவர் கையெழுத்து உண்டு, வாங்கியவர் கையெழுத்து உண்டு, சாயங்காலம் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. ஐயாயிரம் ரூபாய்க்கு இத்தனை காவல். உங்கள் நாலு மில்லி ரத்தம் ஐந்து கை மாறும்போது எத்தனை கையெழுத்து? யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மணிக்கு என்று எந்தப் பேரேட்டில் பற்று, எந்தப் பேரேட்டில் வரவு?

பேங்கும் வேண்டாம், விமானமும் வேண்டாம். இந்தக் கடற்கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முத்துக்குளித்த காலத்தில் கடலுக்கு அடியில் ஒருவர், தோணியில் கயிறு பிடித்தவர் ஒருவர். கீழே இருக்கிறவர் கயிற்றை இழுத்துக் காட்டினால் மேலே இருக்கிறவர் உடனே தூக்க வேண்டும். 'இரு, நான் வெற்றிலை போட்டுவிட்டு வருகிறேன்' என்று சொன்னால் கீழே பிணம்தான். மைத்துனன் கையில்தான் கயிறைக் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வதுண்டு. கூடப் பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கிறது, கவனம் சிதறாது என்ற கணக்கு. கீழே இருப்பவன் இழுக்கிற கயிற்றுக்கு மேலே இருப்பவன் மரியாதை கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் கயிற்றை இழுப்பவர் ரத்தம் எடுக்கிற அந்தப் பையனும் லேபில் இருக்கிற அந்தப் பெண்ணும். மேலே யாருக்கும் உறைப்பதில்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இவ்வளவு போதும்.

ஒன்று, சீட்டு. என்ன பரிசோதனை என்பதோடு, என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்தக் கையில் டிரிப், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று நாலு கட்டம். அது காலியாக இருந்தால் ரத்தம் எடுக்க மாட்டேன் என்று சொல்ல எடுப்பவருக்கு உரிமை. இரண்டு, கட்டிலருகே மட்டும்தான் பெயர் ஒட்ட வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்த டியூப் குப்பைக்கூடைக்கு. மூன்று, ஆபத்தான முடிவைப் போனில் சொன்னால் கேட்பவர் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும், அவர் பெரிய டாக்டராக இருந்தாலும். நாலு, கெட்டுப்போன ரத்தத்தைத் திருப்பி அனுப்புகிற டெக்னீசியனைத் திட்டினால், திட்டியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஐந்து, தப்பை ஒப்புக்கொள்கிறவரை முதல் தடவையே வேலையை விட்டுத் தூக்காதீர்கள். தூக்கினால் அடுத்தவர் ஒளித்துவைப்பார், அவ்வளவுதான். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. சட்டம் அந்தஸ்து தரலாம். டாக்டர் வாயிலிருந்து 'ஏம்ப்பா லேபு' போய், 'தம்பி, உங்க பேரு என்ன?' வருவதற்குச் சட்டம் தேவையில்லை.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. நழுவ முடியாது. ரத்தம் எடுக்க வருகிறவர் 'நீங்கதானே?' என்று கேட்டால் 'ஆமா' சொல்லாதீர்கள். முழுப் பெயரையும் வயதையும் நீங்களே சொல்லுங்கள். 'வெறும் வயிறுதானே?' என்றால் 'ஆமா, ஒரு டீதான் குடிச்சேன்' என்கிற நம் தேசிய பதிலைக் கைவிடுங்கள். டீயில் பாலும் சர்க்கரையும் இருக்கிறது. சாப்பிடுகிற மாத்திரைகளை எழுதி வைத்துக் காட்டுங்கள். டிரிப் ஓடுகிற கையை நீட்டாதீர்கள். டியூபில் உங்கள் பெயரை உங்கள் கண் எதிரே எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பாருங்கள். முறைத்தால் முறைக்கட்டும். கறிக்கடையில் தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிற நீங்கள், சொந்த ரத்தத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்?

அப்புறம், எடுத்து முடித்ததும் அவர் பெயரைக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை நாளில் அவர் பெயரைக் கேட்ட முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.